ஒலிக்கு முன் நிற்கும் மௌனம்



கண்ணை இமைக்கும் பொழுதையும் விரலை நொடிக்கும் பொழுதையும் அளவாகக் கொண்டு, அவ்வளவுக்கு மாத்திரை என்று பெயரிட்டனர் தமிழ் இலக்கண ஆசிரியர். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை, குற்றியலுகரத்துக்கு அரை, மகரக்குறுக்கத்துக்குக் கால் என்று அவர்கள் வகுத்த கணக்கு யாப்பு பயின்றோர் அனைவரும் அறிந்ததே. கால் மாத்திரையையும் விட்டுவிடாமல் எழுதி வைத்த மரபு இது. அம்மரபில் வந்தோர் கூடிய அவையில், ஒலிக்கோப்புகளில் நேரும் மிகச் சிறிய காலத்தாழ்வு ஒன்றைப் பற்றிப் பேசுவது பொருந்தாத செயல் ஆகாது.

சிக்கல் இதுதான். கவியரங்கம் ஒன்றின் பதிவு, சுருக்கப்படாத கோப்பாக ஒன்றும் எம்.பி.3 கோப்பாக ஒன்றும் என இரு படிகளாக இருக்கிறது எனக் கொள்க. இரண்டையும் கணிப்பொறித் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக அலைவடிவில் விரித்து வைத்தால், பல நேரங்களில் எம்.பி.3 படியில் உள்ள குரல் சற்றே பின்தங்கி நிற்பதைக் காணலாம். மூலத்தில் இல்லாத மௌனம் ஒன்று குரலுக்கு முன்னே வந்து நிற்கும். இறுதியிலும் ஒரு துண்டு மௌனம் ஒட்டிக்கொண்டிருக்கும். இரு படிகளையும் ஒருசேர இயக்கினால் ஒரே கவிஞர் இருவராக நின்று பாடுவது போல் ஒலி தடித்துக் கேட்கும். காண்பவர் முதலில் ஐயுறுவது பதிவு செய்தவரைத்தான். அடுத்து, நாடா இழுத்துவிட்டது என்பர். கணிப்பொறி பழையது என்பர். இவற்றுள் எதுவும் காரணம் அன்று. அந்த மௌனம் சுருக்கும் முறையிலேயே பிறந்தது. அது எவ்வாறு பிறந்தது என்பதும், அதனை நீக்குவது ஏன் நெடுநாள் இயலாதிருந்தது என்பதும் அறியத்தக்கவை.

ஒலியை எண்ணாக்கும் முறை எளியது. ஒலியலையின் உயரத்தை வினாடிக்கு 44,100 முறை அளந்து எழுதிக்கொண்டே போவது குறுந்தகட்டின் வழக்கம். ஒவ்வோர் அளவுக்கும் மாதிரி என்று பெயர். ஒவ்வொரு மாதிரிக்கும் 16 பிட்டுகள், இடச்செவிக்கும் வலச்செவிக்குமாக இரண்டு வரிசைகள். ஆக வினாடிக்கு 14,11,200 பிட்டுகள் தேவை. எம்.பி.3 இதனை வினாடிக்கு 1,28,000 பிட்டுகளில் அடக்கிவிடும். ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்கு. மீதி பத்துப் பங்கும் எங்கே போயின? செவிக்கு எட்டாதவை எனக் கருதப்பட்டுத் தள்ளப்பட்டன. உரத்த ஒலியின் அருகில் மெல்லிய ஒலி மறைந்துபோகும். தவில் முழங்கும்போது அருகிலிருப்பவர் முணுமுணுப்பு கேட்பதில்லை. இந்த மறைப்பைக் கணக்கிட்டு, மறையக்கூடியதைத் துல்லியமின்றி எழுதுவதே சுருக்கும் கலையின் உயிர்நாடி. தள்ளியதை மீண்டும் பெற முடியாது என்பதால் இதனை இழப்புச் சுருக்கம் என்பர்.

இம்முறை உருவானதில் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அங்குள்ள ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலியோர் உழைத்தனர். சுசான் வேகா என்னும் அமெரிக்கப் பாடகி எந்தப் பக்கவாத்தியமும் இன்றித் தனிக்குரலில் பாடிய டாம்ஸ் டைனர் என்ற பாடல், பிராண்டன்பர்க் தம் முறையைச் செப்பம் செய்யப் பயன்படுத்திய பாடல்களுள் ஒன்று. நூறு வாத்தியங்கள் முழங்கும் இசையில் குறை மறைந்துவிடும். தனிக்குரலில் மறைய இடமில்லை. கவிதை வாசிப்போர் இதனை எளிதில் ஒப்புவர். 1992ஆம் ஆண்டில் தரநிலை முடிவாயிற்று, 1993இல் வெளியாயிற்று. எம்.பி.3 என்னும் கோப்புப் பெயர் 1995 ஜூலையில்தான் முடிவு செய்யப்பட்டது.

இனி, மௌனம் பிறக்கும் இடத்துக்கு வரலாம்.

சுருக்கும் நிரல் ஒலியை மாதிரி மாதிரியாகப் பார்ப்பதில்லை. துண்டு துண்டாகவே பார்க்கிறது. எந்த ஒலி எதனை மறைக்கும் என்று அறிய, எத்தனைச் சுருதிகள் எவ்வளவு வலிமையுடன் கலந்திருக்கின்றன என்று தெரியவேண்டும். அது ஒரே ஒரு மாதிரியைப் பார்த்துத் தெரிவதன்று. ஓர் எழுத்தைக் கண்டு வெண்பாவா ஆசிரியப்பாவா என்று சொல்ல இயலாதது போலத்தான் இதுவும். எம்.பி.3 முறை, ஒலியை முதலில் சுருதி வாரியாக 32 பட்டைகளாகப் பிரிக்கும். பின்னர் ஒவ்வொரு பட்டையையும் 18 நுண்பட்டைகளாகப் பிரிக்கும். ஆக 576. அத்தகைய இரண்டு துண்டுகள் சேர்ந்தது ஒரு ஃபிரேம். அதாவது 1,152 மாதிரிகள் கொண்ட சட்டகம். வினாடிக்கு 44,100 மாதிரிகள் எனில் ஒரு சட்டகம் ஏறத்தாழ 26 மில்லி வினாடி நீளும்.

துண்டுகளை வெட்டி அப்படியே அடுக்கினால் ஒவ்வொரு வெட்டுவாயிலும் ஒரு டொக்கு கேட்கும். ஏனெனில் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே சற்றுப் பிழையுடன் எழுதுகிறோம் என்பது சுருக்கத்தின் இயல்பு. ஒரு துண்டின் முடிவும் அடுத்த துண்டின் தொடக்கமும் ஒரே உயரத்தில் சந்திக்கும் என்பதற்கு உறுதியில்லை. இதற்கு வழி, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று பாதியளவு படியும்படி அடுக்குவது. ஆனால் பாதி படிந்தால் ஒவ்வொரு மாதிரியும் இருமுறை எழுதப்படும். சுருக்க வந்தவன் பெருக்கிவிட்டுப் போன கதையாகும். இந்த முட்டுக்கட்டையை 1986, 1987ஆம் ஆண்டுகளில் பிரின்சன், பிராட்லி முதலியோர் வெளியிட்ட கட்டுரைகள் நீக்கின. அவர்கள் கண்ட உருமாற்றத்தை எம்.டி.சி.டி. என்று சுருக்கி அழைப்பர்.

அதன் நுட்பம் வியக்கத்தக்கது. ஒரு துண்டில் 36 மாதிரிகளை எடுத்துக்கொண்டு 18 எண்களாகவே எழுதும். பதினெட்டிலிருந்து முப்பத்தாறைத் திரும்பப் பெற முடியுமா? முடியாது. விரித்துப் பார்த்தால் உண்மை ஒலியோடு, கண்ணாடியில் தெரிவது போல் தலைகீழாகத் திரும்பிய அதன் நிழலும் கலந்தே வரும். அடுத்த துண்டை விரித்தால், படியும் பாதியில் அதே நிழல் எதிர்க்குறியோடு வரும். இரண்டையும் கூட்டினால் நிழலும் நிழலும் அழிந்து ஒலி மட்டும் எஞ்சும். ஆகவே எந்தத் துண்டும் தனித்து நின்று பொருள் தருவதில்லை. தன் முற்பாதிக்கு முன்னதையும், பிற்பாதிக்குப் பின்னதையும் அது சார்ந்திருக்கிறது.

தமிழ்ப் புணர்ச்சியை அறிந்தோர்க்கு இதில் புதுமை இராது. பொன் என்பதும் குடம் என்பதும் சேர்ந்தால் பொற்குடம். பொற் என்று மட்டும் எழுதிய ஓலை நறுக்கு கிடைத்தால், வருமொழியைக் காணாமல் அதனை முடிக்க இயலாது. நிலைமொழியின் ஈறு வருமொழியின் முதலுக்காகக் காத்திருக்கிறது. எம்.டி.சி.டி. முறையில் ஒவ்வொரு துண்டும் ஒரே வேளையில் நிலைமொழியும் வருமொழியும் ஆகும். ஆனால் பாட்டின் முதற்சொல்லுக்கு முன்னே நிலைமொழி ஏது? அங்கேதான் மௌனம் நுழைகிறது. முதல் துண்டின் முற்பாதியில் நிழலை அழிக்கத் துணையில்லை. அவ்விடத்தில் உண்மையான குரலை வைத்தால் அது நிழலோடு கலந்து கெடும். ஆகவே சுருக்கும் நிரல் அங்கே வெறுமையை வைத்துவிட்டுக் குரலைத் தள்ளித் தொடங்குகிறது. மௌனத்தின் நிழலும் மௌனமே ஆதலால் கேடில்லை.

இதற்கும் முன்னதாக 32 பட்டைகளாகப் பிரிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது ஒவ்வொரு முறையும் 512 மாதிரிகளைக் கையில் வைத்துக்கொண்டே கணக்கிடும். கை நிரம்பும் வரை அதுவும் காத்திருக்கவேண்டும். விரிக்கும்போது இன்னொரு வடிகட்டி, இன்னொரு காத்திருப்பு.

மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. அது வல்லினத்தோடு தொடர்புடையது. இழப்புச் சுருக்கத்தில் நேரும் பிழை, துண்டு முழுவதும் பரவி ஓர் இரைச்சலாக விழும். இசை நீண்டு ஒலிக்கும் இடத்தில் அதனை இசையே மறைத்துவிடும். ஆனால் மௌனத்தை உடைத்துக்கொண்டு திடீரென ஓர் ஒலி வெடித்தால், அவ்வெடிப்பின் பிழை அதற்கு முன்னிருக்கும் மௌனத்திலும் சிந்திவிடும். ஒலி வருமுன்னே அதன் கறை கேட்கும். முன்னெதிரொலி என்று இதனைக் கூறலாம். ஸ்பெயின் நாட்டுக் கைச்சிப்ளாவான காஸ்டனெட் இக்குறையைக் காட்டுவதில் பேர்போனது. பேச்சில் வல்லின ஒற்று இரட்டிக்கும் இடம் இத்தகையதே. பட்டு என்று சொல்லும்போது டகர ஒற்றில் காற்று அடைபடுகிறது, ஒரு கணம் ஒலியே இல்லை, பின்னர் வெடிப்பு. அந்த அடைப்பு மாசுபட்டால் சொல்லின் கூர்மை மழுங்கும். இதனைத் தவிர்க்க, வெடிப்பு வரும் இடத்தில் மட்டும் நிரல் நீண்ட துண்டை விட்டுக் குறுந்துண்டுகளுக்கு மாறுகிறது. மாறுவதற்கு முன் அதற்கென வடிவமைந்த இடைத்துண்டு ஒன்றை வைக்கவேண்டும். ஆகவே வெடிப்பு வந்தபின் அறிந்து பயனில்லை, வருமுன்னே அறியவேண்டும். நிரல் எப்போதும் வருவதைச் சற்று எட்டிப் பார்த்துக்கொண்டே, எழுதுவதில் பின்தங்கி நடக்கிறது.

இவற்றின் கூட்டுத்தொகையைக் கணக்கில் காணலாம். லேம் என்னும் புகழ்பெற்ற நிரல் சுருக்கும்போது 576 மாதிரிகள் தாழ்கின்றன. விரிக்கும்போது வழக்கமாக 529 தாழ்கின்றன. கூட்டினால் 1,105 மாதிரிகள். வினாடியில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு. கண்ணிமைப்புக்கு வினாடியில் பத்தில் ஒரு பங்கு எனக் குறைந்த அளவே கொண்டாலும், இத்தாழ்வு அதில் கால் பங்கு. அதாவது ஒரு மகரக்குறுக்கம்.

இறுதியில் ஒட்டும் மௌனத்துக்குக் காரணம் இன்னும் எளியது. சட்டகத்தைப் பாதியில் நிறுத்த முடியாது. சரியாக ஒரு நிமிடம் நீளும் பதிவில் 26,46,000 மாதிரிகள் உண்டு. முன்னே வந்த 1,105ஐயும் சேர்த்து அடக்க 2,298 சட்டகங்கள் வேண்டும். அவற்றின் கொள்ளளவு 26,47,296. எனவே பின்னே 191 மாதிரிகள் நிரப்பப்படும். ஒரு நிமிடம் உள்ளே போய், ஒரு நிமிடமும் 1,296 மாதிரிகளும் வெளியே வருகின்றன.

இங்கே ஒரு தெளிவு தேவை. இத்தாழ்வு பதிவு முழுவதற்கும் ஒன்றே. குரல் மெதுவாவதில்லை, சீர்களுக்கு இடையேயுள்ள கால அளவு மாறுவதில்லை, பாட்டு முழுவதும் ஒரே அளவு நகர்ந்து நிற்கிறது, அவ்வளவே. ஒரு மணி நேரப் பதிவில் போகப்போக இடைவெளி பெருகுமானால் அதற்குக் காரணம் வேறு. பெரும்பாலும் இரு பதிவுக் கருவிகளின் கடிகாரங்கள் ஒத்துப் போகாமையே. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு மருந்து செய்தால் நோய் தீராது. ஆனால் ஒருமுறை விரித்ததை மறுமுறை சுருக்கினால் தாழ்வு கூடும். விரித்தும் சுருக்கியும் நாற்பது முறை படியெடுத்தால், மௌனம் ஒரு முழு வினாடியைத் தாண்டிவிடும். ஏடு பெயர்த்து எழுதுவோர் கைப்பட்ட பாடபேதம் போல, எத்தனை கைமாறியது என்பதைக் கோப்பு தன் முகத்திலேயே காட்டிக்கொண்டு நிற்கும்.

ஆக, தாழ்வு பிழையன்று. அடுத்ததையும் கேட்டுவிட்டு எழுதும் முறைக்கு அது கூலி. குறை வேறிடத்தில் இருந்தது. எத்தனை மாதிரிகள் தாழ்ந்தன, மூலத்தின் உண்மையான நீளம் என்ன என்று குறிப்பதற்கு எம்.பி.3 தரநிலை கோப்பில் இடமே ஒதுக்கவில்லை. நிரலுக்கு நிரல் தாழ்வு வேறுபட்டது. விரிக்கும் நிரலுக்கோ முன்னிருக்கும் மௌனம் கவிஞர் விட்ட மௌனமா, இயந்திரம் வைத்த மௌனமா என்று அறிய வழியில்லை. அறியாமல் வெட்டினால் கவிஞருடையதையும் வெட்டிவிட நேரும். ஆகவே வெட்டாமல் விட்டது. ஒலியியலில் அவ்வளவு நுண்மை காட்டிய அறிஞர்கள் ஓர் எண்ணை எழுத இடம் வைக்காமல் விட்டது வியப்பே. தமிழ் ஏடுகளில் சிதைந்த இடங்களைப் புள்ளியிட்டுக் காட்டி அச்சிட்ட பதிப்பாசிரியர்கள் இதில் அவர்களைக் காட்டிலும் விழிப்பாக இருந்தனர் என்றே சொல்லவேண்டும்.

இக்குறையால் முதலில் நொந்தோர் இசை கேட்போர். பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 1973ஆம் ஆண்டு இசைத்தட்டான தி டார்க் சைட் ஆஃப் தி மூனில் பாடல்கள் பலவும் ஒன்றிலிருந்து ஒன்று வழிந்தோடுபவை. தனித்தனிக் கோப்புகளாக்கி எம்.பி.3 கருவியில் இயக்கியபோது, வழிந்தோட வேண்டிய இடத்தில் ஒரு விக்கல் விழுந்தது. ஆலாபனையையும் கீர்த்தனையையும் இரு தடங்களாகப் பிரித்த கச்சேரிப் பதிவுக்கும் இதே கதிதான். தம்புரா நடுவே மூச்சு விடும்.

லேம் நிரலை ஆக்கியோர் இதற்கு ஓர் உபாயம் கண்டனர். 1998இல் தொடங்கிய அம்முயற்சி தன்னார்வலரால் வளர்ந்தது. ஒலியில்லாத ஒரு சட்டகத்தைக் கோப்பின் தலைப்பில் வைத்து, அதில் முன்தாழ்வுக்கு 12 பிட்டுகளும் பின்னிரப்புக்கு 12 பிட்டுகளும் ஒதுக்கி எண்களை எழுதினர். மூன்று பைட்டுகள், தீர்ந்தது வழக்கு. குறிப்பைப் படிக்கத் தெரிந்த கருவி சரியான அளவு வெட்டி இயக்கும். படிக்கத் தெரியாத பழைய கருவிகளுள் சில, அக்குறிப்புச் சட்டகத்தையே இசையென்று கொண்டு மேலும் 1,152 மாதிரி மௌனத்தைச் சேர்த்ததும் உண்டு. நல்லது செய்யப்போய் நேர்ந்த வேடிக்கை அது. ஆப்பிள் நிறுவனத்தின் ஐடியூன்ஸ் 2006ஆம் ஆண்டில்தான் இடைவெளியற்ற இயக்கத்தைத் தந்தது. அந்நிறுவனம் பயன்படுத்தும் ஏ.ஏ.சி. முறையில் முன்தாழ்வு வழக்கமாக 2,112 மாதிரிகள். வினாடிக்கு 44,100 எனில் ஏறத்தாழ 48 மில்லி வினாடி. எம்.பி.3ஐ விடத் தாழ்வு மிகுதி; ஆயினும் அளவு கோப்பில் எழுதப்பட்டிருந்தால் இன்னல் இல்லை. 2012இல் தரநிலையான ஓப்பஸ் முறையில், தொடக்கத்தில் எத்தனை மாதிரிகளை ஒதுக்கவேண்டும் என்னும் எண்ணுக்குக் கோப்பின் தலைப்பிலேயே இடம் உண்டு. முன்னோர் மறந்ததைப் பின்னோர் முதல் பக்கத்திலேயே எழுதினர்.

இலக்கிய வட்டங்களுக்கு இதனால் ஆவது என்ன என்று கேட்கலாம். கவியரங்க ஒலிநாடாக்களைப் பேழையில் பூட்டி வைத்திருக்கும் வட்டங்கள் பல. நாடா நொறுங்குமுன் அவற்றைக் கணிப்பொறிக்கு மாற்றவேண்டும் என்ற எண்ணம் எழுவது நன்று. ஆனால் இடம் மிச்சம் என்று கருதி நேரே எம்.பி.3 ஆக்கிவிட்டு நாடாவைத் தூக்கி எறிவது, மூல ஏட்டை எரித்துவிட்டு மலிவுப் பதிப்பை வைத்துக்கொள்வதற்கு ஒப்பாகும். சுருக்கப்படாத படி ஒன்றை மூலமாக வைத்துக்கொண்டு, பரப்புவதற்கு மட்டும் சுருக்கிய படியைப் பயன்படுத்துவதே முறை. எம்.பி.3 கோப்பை இடையில் வெட்டிக் கவிதை வேறு, கைதட்டல் வேறு எனப் பிரிப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். ஒரு சட்டகத்துக்கு உரிய செய்தியில் ஒரு பகுதியை, 511 பைட்டுகள் வரை, முன் சட்டகங்களில் மிஞ்சிய இடத்தில் எழுதிவைக்கும் வழக்கம் அம்முறைக்கு உண்டு. முன்னதை வெட்டி எறிந்தால் பின்னது வாய் திறக்காது. வெட்டிய துண்டின் முதல் அசை விழுங்கப்படும். மூலப்படியில் வெட்டிவிட்டுப் பின்னர் சுருக்குவதே தக்கது.

வாசிப்பையும் பாடத்தையும் சொல்லுக்குச் சொல் இணைத்து, ஒலிக்கும் சொல் திரையில் ஒளிரும்படி செய்வோர் இன்று உளர். மூலப்படியில் குறித்த நேரங்களை எம்.பி.3 படிக்கு அப்படியே பொருத்தினால், ஒவ்வொரு சொல்லும் வாய் திறக்குமுன்னே ஒளிரும். வினாடிக்கு 24 படங்கள் ஓடும் திரைப்படத்தில் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 42 மில்லி வினாடி. ஒருமுறை சுருக்கினால் அதில் பாதிக்கு மேல் நழுவுகிறது, இருமுறை சுருக்கினால் ஒரு படம் முழுதும் நழுவிவிடுகிறது. கவிஞர் வேண்டுமென்றே விட்ட இடைநிறுத்தத்தை அளந்து ஆராய முற்படும் மாணவர், முதற்சொல்லுக்கு முன்னுள்ள மௌனத்தையும் சேர்த்தே அளந்துவிடக் கூடும்.

தாழ்வின் அளவு எழுதப்படாத பழங்கோப்புகளுக்கும் வழி இல்லாமல் இல்லை. மூலநாடா கைவசம் இருக்குமாயின் அதனை மீண்டும் பதிந்து, இரு படிகளின் அலைவடிவங்களையும் ஒப்பிட்டு, கூரிய ஒலியொன்று நிகழும் இடத்தை இரண்டிலும் காணவேண்டும். கவியரங்கில் அத்தகைய ஒலிக்குப் பஞ்சமில்லை. ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்க்கும் ஓசையே போதும். இனி எடுக்கும் பதிவுகளில், கவிஞர் வாய் திறக்குமுன் பதிவு செய்பவர் ஒலிவாங்கியின் அருகே ஒருமுறை விரலை நொடித்துவிடலாம். அந்த நொடிப்பின் முனை மூலத்தில் எந்த மாதிரியில் நிற்கிறது, படியில் எந்த மாதிரியில் நிற்கிறது என்று பார்த்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் எண்ணைப் பேழையின் மேல் ஒட்டும் சீட்டில், நாள், இடம், கவிஞர் பெயர் ஆகியவற்றின் கீழே எழுதி வைக்கலாம்.